கிராணியின் செக்ரோலும் அம்மாவின் சிட்டையும்

1983இல் எனக்குப் பத்து வயது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் காலை பதினொரு மணி வாக்கில் நானும் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போய் நிற்பேன். காண்டாக் கட்டையின் இரு முனையிலும் வாளிகள் தொங்க, பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். தோட்டக் கணக்கரான கிராணியார் பாலைத் தராசில் நிறுப்பார். பிறகு அதிலிருந்து கொஞ்சம் மொண்டு, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பால் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்குக் குழாய் கீழே இறங்கும். அது காட்டும் கோட்டை வைத்து, வாளியில் உள்ளதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்கிடுவார்கள். நல்ல பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். கூலி அந்த ரப்பருக்குத்தான்.

குழாயின் கோட்டைப் படிப்பவர் கிராணியார். தராசைப் பார்ப்பவர் அவர். தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலில் எழுதுபவரும் அவரே. அவர் வாய்விட்டுச் சொல்லும் எடையை அம்மா மனத்தில் வாங்கிக்கொண்டு, லயத்துக்கு வந்ததும் என்னுடைய பழைய அப்பியாசப் புத்தகத்தில் குறித்துவைப்பார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் முத்து முத்தாக இருக்கும். தேதி, கிலோ, அவ்வளவுதான். அதற்கு அவர் வைத்த பெயர் சிட்டை.

ஒரு மாதம் சம்பள நாளில் கூட்டிப் பார்த்தபோது இரண்டு கிலோ உதைத்தது. சிட்டையை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கிராணியாரே, ஒண்ணாந் தேதி இருவத்திரண்டுன்னு சொன்னீங்க. இருவதுதான் விழுந்திருக்கு."

அவர் செக்ரோலைத் திருப்பிக் காட்டினார். "இதுல உள்ளதுதாம்மா கணக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கெட்ட மனிதரும் அல்லர். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிட்டவர். ஒருவேளை அவர் எழுதியதே சரியாக இருந்திருக்கலாம், அம்மாவின் காதுதான் தவறியிருக்கலாம். அதை இன்றுவரை நான் முடிவு செய்ததில்லை. முடிவு செய்ய வழியே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு ஏடுகள் இருந்தன. ஓர் ஏடு பேசினால் பணம் வரும். இன்னொன்று பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிளாக்செயின் என்றதும் பலருக்குப் பிட்காயினும் அதில் பணத்தை விட்டவர்களும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு அந்த ஸ்டோர் வாசல்தான் நினைவுக்கு வருகிறது. இணையத்தில் நாம் நடத்தும் ஒவ்வொரு காரியத்திலும், அது வங்கிக் கணக்கோ, வாடகை வண்டியோ, அரசாங்கச் சான்றிதழோ, அந்தப் பக்கம் ஒரு கிராணியார் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு செக்ரோல் இருக்கிறது. அவர் எழுதியதுதான் கணக்கு. அந்த ஏட்டை யாரும் கமுக்கமாகத் திருத்த முடியாதபடி செய்ய வழி உண்டா என்ற கேள்விக்குக் கணிதம் கண்டுபிடித்த பதில்தான் பிளாக்செயின்.

பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் அந்தப் பதிலின் பாதியை இப்போதே போட்டுப் பார்த்துவிடலாம்.

அம்மாவின் சிட்டையில் நான்கு நாள் கணக்கு: 22, 25, 19, 24 கிலோ. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் ஒரு முத்திரை எண் எழுதப்போகிறோம். விதி இதுதான்: முந்தைய நாளின் முத்திரையை 7ஆல் பெருக்கி, இன்றைய கிலோவைக் கூட்டி, 97ஆல் வகுத்தால் என்ன மீதி வருகிறதோ அதுவே இன்றைய முத்திரை. முதல் நாளுக்கு முன்னால் முத்திரை 1 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: ஏழோடு 22 சேர்ந்தால் 29. இரண்டாம் நாள்: 29ஐ 7ஆல் பெருக்கினால் 203, அதோடு 25, ஆக 228. இதை 97ஆல் வகுத்தால் மீதி 34. இப்படியே போட்டால் மூன்றாம் நாளுக்கு 63, நான்காம் நாளுக்கு 77.

இப்போது யாரோ முதல் நாள் கணக்கில் 22ஐ அழித்து 20 என்று எழுதுகிறார் என்று வையுங்கள். மற்ற மூன்று நாள் எடையிலும் அவர் கைவைக்கவில்லை. மறுபடி போட்டுப் பாருங்கள். முத்திரைகள் 27, 20, 62, 70 என்று வரும். திருத்தியது ஓரிடம். மாறியது ஏடு முழுக்க. முதல் பக்கத்தில் விழுந்த கறை கடைசிப் பக்கம் வரை ஊறி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் உள்ள எல்லா வரிகளையும் வயிற்றில் சுமந்துகொண்டிருப்பதால் இப்படி. சங்கிலி என்ற பெயர் இதற்காகத்தான். கணினியில் ஒரு வரி ஒரு வரியாக அல்லாமல், கட்டுக் கட்டாகச் சேர்த்து ஒவ்வொரு கட்டுக்கும் முத்திரை போடுவார்கள். அந்தக் கட்டுதான் பிளாக்.

என் விதி குழந்தை விளையாட்டு. கணக்குத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் ஏமாற்றிவிடுவார்: முதல் நாளில் குறைத்ததை வேறொரு நாளில் சரிக்கட்டி, கடைசி முத்திரை 77 ஆகவே வரும்படி செய்துவிடலாம். உண்மையில் பயன்படும் முத்திரைகளில் ஒன்று எஸ்எச்ஏ-256. நீங்கள் ஒரு வரி கொடுத்தாலும் ஒரு நூலகத்தையே கொடுத்தாலும், அது 64 குறிகள் கொண்ட ஒரே நீளச் சரத்தைத்தான் தரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இருக்கக்கூடிய சரங்களின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். வேண்டிய முத்திரை வரும்படி கணக்கைச் சரிக்கட்டுவதற்கு இதுவரை எவரும் வழி கண்டதில்லை.

ஆனால் இது பாதிதான். கிராணியார் நினைத்தால் என்ன செய்யலாம்? ஏட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, புதிய ஏடு ஒன்றில் எல்லா வரிகளையும் எல்லா முத்திரைகளையும் முதலிலிருந்து எழுதிவிடலாம். 27, 20, 62, 70 என்று அந்த ஏடு தன்னளவில் பிசகில்லாமல்தான் இருக்கும். சங்கிலி அறுந்திருக்காது. வேறு சங்கிலியாக இருக்கும், அவ்வளவே.

அதைத் தடுப்பதற்கு அம்மாவுக்கு ஒரே ஓர் எண் தெரிந்திருந்தால் போதும். மாதக் கடைசியில் "77" போன்ற, ஆனால் சரிக்கட்ட முடியாத வகையைச் சேர்ந்த கடைசி முத்திரையைச் சிட்டையில் குறித்துவைத்திருந்தால், அந்த மாதத்தின் எந்த நாள் கணக்கையும் அம்மாவுக்குத் தெரியாமல் எவராலும் மாற்ற முடியாது. முழு ஏடும் அவரிடம் இருக்க வேண்டியதில்லை. பலமற்றவர் கையில் ஓர் எண் இருந்தால், பலமுள்ளவர் கையில் உள்ள ஏடு முழுவதற்கும் அது சாட்சி. இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை உருகவைத்த இடம் இதுதான். மற்றதெல்லாம் பொறியியல்.

இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள், பிட்காயின் பிறப்பதற்கு வெகு முன்பே. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மின்னணு ஆவணம் ஒன்று எந்தத் தேதியில் இருந்தது என்பதைப் பின்னால் யாரும் மாற்ற முடியாதபடி நிறுவுவது எப்படி என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. முத்திரைகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். கோத்தவர்களே ஏமாற்றினால்? அதற்கும் வழி செய்தார்கள். அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாரம் ஒருமுறை, அந்த வாரத்துக் கடைசி முத்திரையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் காணாமல் போன பொருள்களுக்கான சிறுவிளம்பரப் பகுதியில் அச்சிட்டது. தொலைந்த நாய்க்குட்டிக்கும் கைப்பைக்கும் நடுவே, யாருக்கும் விளங்காத எழுத்துக் கோவை ஒன்று. அதைத் திருத்த வேண்டுமென்றால் ஊரெல்லாம் உள்ள நூலகங்களில் புகுந்து பழைய நாளிதழ்களைத் திருத்த வேண்டும். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை மேற்கோள் காட்டும் எட்டு ஆதாரங்களில் மூன்று ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் எழுதியவை.

நகமோட்டோ சேர்த்தது, நாளிதழே இல்லாமல் அந்தச் சாட்சியை உண்டாக்கும் முறை. ஏட்டின் முழு நகல் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். அடுத்த கட்டை எழுதும் உரிமைக்கு அவை போட்டி போடும். ஜெயிப்பதற்கு ஏராளமான கணக்குகளைப் போட்டுத் தீர்க்க வேண்டும், அதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய கட்டைத் திருத்த நினைப்பவர் அவ்வளவு மின்சாரத்தையும் மறுபடி செலவழித்து, மற்ற எல்லாரையும் முந்த வேண்டும். ஒருவரையொருவர் அறியாதவர்கள் சேர்ந்து ஓர் ஏடு எழுத இது வழி. ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு இவ்வளவு மின்சாரம் தேவையில்லை. தோட்டம், ஆலை, சங்கம், அரசாங்கம் என்று தெரிந்த பெயர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டு, பெரும்பான்மையினர் ஒப்பினால்தான் புதிய கட்டு ஏறும் என்று விதி செய்துகொள்ளலாம். தொழில்துறையில் உள்ளவை பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்த வகையைப் பற்றி யார் வந்து விளக்கினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: நகல்கள் யார் யார் கையில் இருக்கின்றன? பத்து நகலும் ஒரே முதலாளியின் பத்து அலுவலகங்களில் இருந்தால், அது கிராணியின் செக்ரோலைப் பத்துத் தடவை படியெடுத்ததுதான். அதில் சங்கிலி இருக்கும், சாட்சி இருக்காது.

கையெழுத்து இன்னொரு விஷயம். தோட்டத்தில் கைநாட்டு வாங்காத பழைய ஆவணம் உண்டா? கட்டைவிரல் ரேகை உங்களுடையதுதான் என்று நிரூபிக்கலாம், ஆனால் நீங்கள் வைத்தபோது தாளில் என்ன எழுதியிருந்தது என்று நிரூபிக்க முடியாது. வெற்றுத் தாளிலும் ரேகை பதியும். பிளாக்செயினில் பயன்படும் மின்னணுக் கையொப்பம் அப்படியல்ல. உங்களிடம் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று இரகசியம், இன்னொன்று ஊருக்கே தெரிந்தது. இரகசியச் சாவியையும் ஆவணத்தின் முத்திரையையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டால் கையொப்பம் வரும். ஊரறிந்த சாவியை வைத்து எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய கையொப்பம் அதற்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் வேறு ரேகை பதியும் கட்டைவிரல் என்று சொல்லலாம். வெற்றுத் தாளில் வாங்கிய கையொப்பத்தை எழுதிய தாளுக்குக் கொண்டுபோக முடியாது.

எங்கள் மாநிலத்தில் இன்று பால்மரத்தைவிடச் செம்பனைதான் கண்ணில் படுகிறது. போர்ட்டிக்சன் சாலையிலும் பகாவ் பக்கத்திலும் மணிக்கணக்கில் போனாலும் முடியாத செம்பனை. பிளாக்செயின் தோட்டத்துக்குள் வந்ததும் இந்த மரத்தின் வழியாகத்தான். ஏன் இந்த மரம் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

குலையை வெட்டியதும் காம்பின் வெட்டு முகத்தில் வெட்டியவரின் எண்ணை எழுதுவார்கள். மேற்பார்வையாளரான மண்டோர், குலைகளைக் குவித்துவைக்கும் மேடைக்கு வந்து எண் பார்த்துக் குலை எண்ணுவார். அதுவரை ஒவ்வொரு குலைக்கும் ஊரும் பேரும் உண்டு. இந்த நிரை, இந்த ஆள், இந்த நாள். பிறகு லோரியில் ஏறும். பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெய் கெடாமலிருக்க ஒரு நாளுக்குள் ஆலை சேர்ந்தாக வேண்டும். ஆலையில் நீராவியில் வேகும், பழம் உதிரும், மசியும், பிழியும். நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெய். அது தொட்டியில் விழுந்த கணத்திலேயே ஊரும் பேரும் போய்விடும். கம்பெனித் தோட்டத்துப் பழம், சிறு விவசாயியின் ஐந்து ஏக்கர்ப் பழம், நேற்றுக் காட்டை அழித்து நட்ட இடத்துப் பழம், எல்லாம் ஒரே சிவப்பு எண்ணெய். எந்தச் சோதனைச்சாலையிலும் அந்தத் துளி எந்த மரத்தில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. அதன் வரலாறு எண்ணெயில் இல்லை, ஏட்டில்தான் இருக்கிறது.

ஆகவே செம்பனை வணிகமே ஏடுகளின் மேல் நிற்கிறது. 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ அமைப்பு, நிலைத்த முறையில் விளைந்தது என்ற சான்றிதழ் பெற்ற எண்ணெயை விற்க நான்கு முறைகளை வைத்திருக்கிறது. ஒரே ஆலையின் எண்ணெயைக் கடைசி வரை தனியாகவே கொண்டுபோவது கடினமான முறை. சான்றிதழ் பெற்ற பல ஆலைகளின் எண்ணெயை மட்டும் தமக்குள் கலப்பது அடுத்தது. மூன்றாவதில் சான்றுள்ளதும் இல்லாததும் கலக்கலாம், ஆனால் உள்ளே போன அளவுக்கு மேல் 'சான்றுள்ளது' என்று சொல்லி வெளியே விற்கக் கூடாது. நான்காவதில் எண்ணெய்க்கும் ஏட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது, சான்றின் மதிப்பு மட்டும் கைமாறும். மூன்றிலும் நான்கிலும் ஒரே டன்னை இரண்டு பேருக்கு விற்க எத்தனை வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாணயத்தை இரண்டு தடவை செலவழிப்பதைத் தடுக்கத்தான் நகமோட்டோ மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரே டன்னை இரண்டு தடவை விற்பதும் அதே நோய். மருந்து இங்கே உண்மையிலேயே பொருந்துகிறது.

எம்எஸ்பிஓ என்ற மலேசியச் சான்றிதழ் 2020 தொடக்கத்திலிருந்து கட்டாயமானது. அதே ஆண்டு ஏப்ரலில் மலேசியச் செம்பனை எண்ணெய் மன்றம், புளூம்புளோக் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, பிளாக்செயினில் இயங்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை வெளியிட்டது. மரத்திலிருந்து ஆலை வரை தடம் பிடிக்கும் சோதனை முயற்சிக்குச் சைம் டார்பி பிளாண்டேஷன் கைகொடுத்தது. நெகிரி செம்பிலானிலும் பெரிய தோட்டங்கள் உள்ள கம்பெனி அது, 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காட்டை அழித்த நிலத்தில் விளைந்த செம்பனையோ ரப்பரோ அங்கே நுழையக் கூடாது, விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் குறுக்குக்கோடு நெடுக்குக்கோட்டோடு காட்ட வேண்டும் என்கிறது அது. நடைமுறைக்கு வருவது இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் தடம் பிடிக்கும் வேலை நிற்கவில்லை.

2020ஐ நான் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 30ஆம் தேதி எஃப்ஜிவி கம்பெனியின் செம்பனை எண்ணெயையும், டிசம்பர் 30ஆம் தேதி சைம் டார்பி பிளாண்டேஷனின் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் தென்படுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். சைம் டார்பி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நடைமுறைகளை மாற்றியது. 2023இல் அந்தக் கம்பெனி மீதான தடை நீங்கியது. திருத்திக்கொண்டதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரே ஆண்டில் நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பழத்துக்கு அழியாத வரலாறு எழுதத் தொடங்கிய ஆண்டிலேயே, அதை வெட்டியவரின் வரலாறு எந்த ஏட்டில் இருக்கிறது என்ற கேள்வி கடல் கடந்து வந்தது.

வேலை ஒப்பந்தம் மாறிப்போவது இந்தத் தொழிலாளர்களின் பழைய துயரம். சொந்த ஊரில் ஒரு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள், விமானம் இறங்கியதும் வேறொரு தாளை நீட்டுவார்கள். முதல் தாள் எங்கே என்று கேட்க அவர்களிடம் நகல் இருக்காது. ஹாங்காங்கின் டைஜினெக்ஸ் நிறுவனமும் மீகாங் கிளப் என்ற அமைப்பும் சேர்ந்து இமின் என்ற செயலியை உருவாக்கின. ஒப்பந்தத்தின் நகலைத் தொழிலாளியே வைத்துக்கொள்வார், அதன் முத்திரை பிளாக்செயினில் இருக்கும். தாய்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். பிளாக்செயினுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. தாள் சிறியது, மாறக்கூடாதது, இரு தரப்பில் ஒன்று ஆதரவற்றது.

அப்படியானால் அம்மாவின் இரண்டு கிலோ அன்றைக்கே கிடைத்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால், கிடைத்திருக்காமலும் போகலாம். 22 என்று நிறுத்துவிட்டு முதலிலேயே 20 என்று எழுதியிருந்தால், பிளாக்செயின் அந்த 20ஐத்தான் சாகாவரம் கொடுத்துக் காப்பாற்றும். எழுதியதை மாற்ற முடியாது என்பது ஒன்று, உண்மையை எழுதினார்கள் என்பது வேறொன்று. இலங்கை மலையகத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோவைக் கழிப்பார்கள். அந்தக் கழிவு ஏட்டில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தராசு பொய் சொன்னால் சங்கிலி என்ன செய்யும்? தராசின் முகம் நிறுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் சேர்ந்து தெரிய வேண்டும். எழுதும் எண்ணுக்கு இரண்டு பேரும் ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதல் நேர்ந்த பிறகுதான் கணிதத்துக்கு வேலை.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு, இது தோட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் ஆள்களின் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் வேறு. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, சேமநிதியில் மூன்றாவதாக ஒன்று. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதைச் சரிசெய்ய ஆயுளில் பாதி போய்விடும். அழியாத ஏட்டில் தவறான பெயர் ஏறினால்? நல்ல கணக்குப்பிள்ளைகள் இதற்கு முன்பே வழி வைத்திருந்தார்கள்: பழைய எண்ணைச் சுரண்டக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பிளாக்செயினிலும் திருத்தம் அப்படித்தான். பழையது கிடக்கும், அதை மாற்றும் புதிய பதிவு மேலே ஏறும். ஆனால் அந்தப் புதிய பதிவை ஏற்றும் உரிமையுள்ள மனிதர் ஒருவர், மனு கொடுத்தால் வாங்கிப் பார்க்கிறவர், எங்காவது ஒரு மேசையில் இருந்தாக வேண்டும். அந்த மேசையை எடுத்துவிட்டு வெறும் சங்கிலியை மட்டும் கொடுத்தால் அது விலங்காகிவிடும். ஒருவரின் அந்தரங்கத் தகவல்களைச் சங்கிலிக்குள்ளேயே எழுதவும் கூடாது. தகவல் வெளியே இருக்கட்டும், முத்திரை மட்டும் உள்ளே போகட்டும்.

சான்றிதழ்களில் இந்த முறை நன்றாக ஒத்துப்போகிறது. போலிப் பட்டங்களைத் தடுக்க மலேசியக் கல்வி அமைச்சு 2018 நவம்பரில் இ-ஸ்க்ரோல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் பட்டங்களில் தொடங்கினார்கள், நெம் என்ற பிளாக்செயினில். தாளில் உள்ள குறியைக் கைப்பேசியால் படித்தால் போதும், பட்டம் உண்மையா என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் மின் ஆளுமை முகமை தன்னுடைய பிளாக்செயின் கட்டமைப்புக்கு வைத்த பெயர் நம்பிக்கை இணையம். சாதிச் சான்றிதழ் போன்றவற்றைக் குடிமக்கள் தங்கள் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ள அதன் மேல் கட்டியது இ-பெட்டகம். அழகான பெயர்கள். ஒரு மாணவியின் சான்றிதழ் உண்மையானதுதான் என்று அத்தாட்சி பெற அவளுடைய அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையத் தேவையில்லை என்றால், அந்தப் பெயர்கள் தகும்.

பிளாக்செயின் இல்லாமலேயே நம்பிக்கை வந்த இடமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஊழியர் சேமநிதி மலேசியாவில் 1951இல் வந்தது. முதலாளி சம்பளத்தில் பிடித்தாரா, பிடித்ததைக் கட்டினாரா என்று முன்பெல்லாம் தொழிலாளிக்குத் தெரிய நாளாகும். இன்று கைப்பேசியைத் திறந்தால் மாதா மாதம் விழுந்த தொகை தெரிகிறது. விழாவிட்டால் மறுமாதமே போய்க் கேட்கலாம். ஓர் அமைப்பு நடத்தும் சாதாரணத் தரவுத்தளம்தான் அது, சங்கிலி எதுவும் தேவைப்படவில்லை. தன் வரியைத் தானே பார்க்க முடிவதுதான் தேவைப்பட்டது. பிளாக்செயின் வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் துள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நடத்துகிறவர் மேல் நம்பிக்கை இருக்கும் இடத்தில் கணக்கைத் திறந்து காட்டினாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும். நடத்துகிறவரே எதிர்த்தரப்பாக இருக்கும் இடத்தில்தான், ஸ்டோர் வாசலில்தான், திருத்த முடியாத முத்திரை ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

போன ஆண்டு பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் குலை எண்ணி முடித்த மண்டோர், தாளை மேடைக் கட்டையில் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆள் எண், குலை எண்ணிக்கை, உதிரிப்பழ மூட்டை. வங்காளதேசத்து இளைஞர் ஒருவர், முழங்கை வரை மண், பக்கத்தில் நின்று காத்திருந்தார். மண்டோர் பேனாவை மூடியதும் கைப்பேசியை எடுத்து, தன் வரி தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் பிடித்தார். மண்டோர் ஒன்றும் சொல்லவில்லை, தாளை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பியே கொடுத்தார். எதற்கு என்று மலாயில் கேட்டேன். கைப்பேசி தொலைந்துபோகும், தண்ணீரில் விழும் என்றார் அவர். அதனால் தினமும் படத்தை ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பிவிடுகிறாராம். மனைவி அங்கே ஒரு புத்தகத்தில் எழுதிவைக்கிறாராம், தேதியும் எண்ணும். சொல்லிக்கொண்டே அனுப்பினார். இரண்டு நீலச் சரிக்குறிகள் விழும்வரை திரையைப் பார்த்துவிட்டு, கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு லோரியில் ஏறினார்.